அரைஞாண் கயிறும் ஆஸ்திரேலியாவும்

குண்டாக இருப்பது ஒரு குற்றம் என்று எனக்கு இருபத்தொரு வயது வரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் எழுந்து போய்க் கேட்டிருக்க மாட்டேன். எழுந்து போவதே எனக்கு அந்தக் காலத்தில் பிடிக்காத வேலை.

மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற ஊரில், செட்டி கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டி எங்கள் வாடகை வீடு. அப்பா ஒரு ரப்பர்க் கிடங்கில் கிராணி, கணக்கு எழுதுபவர். நான் ஒரே பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போது ஏதோ காய்ச்சலில் செத்துப் பிழைத்தேனாம். அன்றிலிருந்து அம்மா என்னை அதிகம் நடக்கவிடவில்லை (நானும் வற்புறுத்தவில்லை). பள்ளிக்கூடத்துக்கு ரிக்‌ஷா. படிப்பு முடிந்ததும் வாசலில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் படுத்து நாவல் படிப்பேன், அம்மா கொண்டு வந்து கொடுப்பதைத் தின்பேன், தின்ற களைப்பில் தூங்குவேன். அந்த நாற்காலித் துணியை வருஷத்துக்கு மூன்று முறை மாற்றினார்கள். கடைசியில் அப்பா வெறுத்துப்போய்க் கப்பல் பாயில் தைத்துப் போட்டார்.

செட்டி கம்பத்து மக்களுக்குச் சாமி நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். மாரியம்மனிடமே மலாயில்தான் வேண்டிக்கொள்வார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘கெமோக்’. குண்டன் என்று அர்த்தம். நான் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, விருந்தாளி வந்தால் கிழங்கு அப்பம். ஒரு வருஷம் போவதற்குள் தெருவில் எல்லாருக்கும் கன்னம் ஒட்டிப்போனது. அப்பாவின் கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. நான் மட்டும் அப்படியே இருந்தேன். அம்மா தன் பங்கில் பாதியை என் தட்டில் தள்ளிவிடுவாள். நான் நாற்காலியை விட்டு அசையாமல் அதையெல்லாம் உடம்பிலேயே பத்திரமாகச் சேர்த்துவைத்தேன். அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் காலையில் நடராஜா மாமா வந்தார். செட்டி கம்பத்துக்காரர். எங்கள் தெருவுக்கு ஜப்பான்காரர்கள் நியமித்த தலைவர். ரேஷன் சீட்டும் அவர் கையில், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலும் அவர் கையில். நல்ல மனிதர். தலையில் எப்போதும் பூப்போட்ட தலைக்கட்டு இருக்கும். அன்று முகத்தில் சிரிப்பு இல்லை.

“கெமோக், லு சிம்பான் பெராஸ் டி மானா?” என்றார். அரிசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். (இனி அவர் பேசியதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். நடுநடுவே அவருக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையும் வரும்.)

“அரிசியா? சத்தியமா ஒரு மணி கூட இல்ல மாமா!”

“அப்போ இது என்னா?” என்று என் வயிற்றைக் காட்டினார்.

“இது வெள்ளக்காரன் காலத்துக் கொழுப்பு மாமா. பழசு.”

மாமா சிரிக்கவில்லை. நாற்காலி பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். இந்தத் தெருவிலிருந்து சயாமுக்கு இன்னும் ஆள் கேட்கிறார்கள். அரிசி பதுக்குகிற வீட்டிலிருந்துதான் முதலில் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. என் பெயரை எழுதி யாரோ மூன்று மனு போட்டிருக்கிறார்கள்.

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “வேணும்னா வீட்டைத் தேடிப் பாருங்கண்ணே! ஒரு சட்டி பாக்கி இல்லாம தேடுங்க!”

“தேடி என்னா அக்கா? உள்ள இல்லேன்னா வெளிய ஒளிச்சிட்டான்னு சொல்வாங்க. இவன் வயிறு போனாத்தான் நம்புவாங்க.”

சயாமுக்குப் போனவர்களிடமிருந்து கடிதம்கூட வருவதில்லை என்று ஊருக்கே தெரியும். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா எழுந்தார். அடுத்த சக்கரவர்த்தி பிறந்தநாள் வரைக்கும் என் பெயரைப் பட்டியலின் அடியில் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அதற்குள் ஊர் பார்க்க நான் இளைக்க வேண்டும். திடலில் தினமும் விடிகாலையில் நடக்கும் ஜப்பான் உடற்பயிற்சிக்கு, ‘தைசோ’வுக்கு, நாளை முதல் நான் வந்தாக வேண்டும்.

தைசோ நடத்தியவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. எந்நேரமும் “இச்சி, நி, சான், ஷி” என்று எண்ணிக்கொண்டிருப்பதால் அவருக்கு ஊரில் ‘இச்சி நி’ என்றே பெயர். கொஞ்சம் மலாய் பேசுவார். முதல் நாள் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். என் கால் விரலை நான் பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது. எங்கே இருக்கிறதென்று தேடிக் குனிந்தவன் அப்படியே முன்னால் உருண்டு, எனக்கு முன்னால் நின்ற சீனக் கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு விழுந்தேன். இச்சி நி வந்து ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார். அந்தக் கடைக்காரர் அதற்கப்புறம் ஜப்பான் சண்டை முடியும் வரை என்னோடு பேசவில்லை.

தைசோ முடிந்ததும் கிளேபாங் கடற்கரை வரை நடந்துபோய்த் திரும்ப வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட உத்தரவு. வாரத்துக்கு ஒரு நாள் குருபோங் கிராமத்துக்குப் போய் வீட்டுக்குக் கிழங்கு சுமந்து வருவேன். முதல் தடவை பாதி வழியில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அப்போதுதான் பார்வதி வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த சந்து, மாட்டுவண்டிக்காரர் மகள். தலையில் ஒரு சாக்கு, இடுப்பில் ஒரு சாக்கு.

“என்னங்க, கிழங்கை நீங்க தூக்கிட்டுப் போறீங்களா, இல்ல கிழங்கு வந்து உங்களைத் தூக்கணுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். சிரிப்பை அடக்கினால் அது மூக்கு வழியாகப் பீறிக்கொண்டு வரும். வயலில் பன்றி உறுமுவது போல ஒரு சத்தம். (இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அந்த ரோஷத்தில் எழுந்தேன் பாருங்கள், வீடு வரை உட்காரவில்லை.

உடம்பு இளைப்பதை அளக்க எங்கள் வீட்டில் தராசு கிடையாது. என் அரைஞாண் கயிறு இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா புதுக் கயிறு கட்டிவிடுவாள். அது சதை மடிப்புக்குள் புதைந்து கிடக்கும், எனக்கே கண்ணில் படாது. இரண்டு மாதத்தில் அது வெளியே வந்தது. பிறகு கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் போனது, இரண்டு விரல் போனது, ஒருநாள் அம்மாவின் கையே போனது.

“அய்யோ, புள்ள உருகுறானே!” என்று அம்மா அழுதாள். “கயிறு கழண்டு விழுந்துடும் போல இருக்கே!”

“அறுத்துட்டு வேற கட்டும்மா.”

“வாயில அடி! அருணாக்கயித்த அறுக்கறதாவது! நூலுக்கு எங்க போவேன்? புதுசு இல்லாம அறுத்துட்டு வெறும் இடுப்போட நிப்பியா? ஆகாதுடா!”

அன்றும் சரி, அடுத்து வந்த பொங்கலுக்கும் சரி, கடையில் ஒரு முழம் நூல்கூட இல்லை. அதனால் பழைய கயிற்றிலேயே ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். மறு மாதம் இன்னொரு முடிச்சு. பத்து மாதத்தில் என் இடுப்பில் ஏழு முடிச்சு. நான் அதைத் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த உடம்பு பிடித்துப்போனது. மூச்சு வாங்காமல் கிளேபாங் போய் வந்தேன். என் முகத்தில் தாடை எலும்பு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா என் தட்டில் தள்ளியதைத் திருப்பித் தள்ளினேன். அவள் மறுபடி தள்ளுவாள், நான் மறுபடி தள்ளுவேன், கிழங்கு ஆறிப்போகும். கடைசியில் அப்பா எடுத்துத் தின்றுவிடுவார். மனு போட்டவர்கள்கூட என்னை வாய் பிளந்து பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் இச்சி நியும் ஒருவர். அவர் நடராஜா மாமாவைக் கூப்பிட்டு, சக்கரவர்த்தி பிறந்தநாளன்று மேடையில் ஏறி தைசோ நடத்தப்போவது இவன்தான் என்று சொல்லிவிட்டார். மாமா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“நீ பொழச்ச கெமோக்! தைசோ நடத்துறவனைச் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. இந்த ஒரு நாள் நல்லா செஞ்சிடு, உன் பேரை நான் அடிச்சிடுறேன். சொதப்பினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

மேடைக்கு வெள்ளை அரைக்கால் சட்டை வேண்டும். என்னிடம் இருந்தது சண்டைக்கு முந்தியது. அதில் இப்போது என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். பிடித்துத் தைக்க நூல் இல்லை. இடுப்பு வார் எப்போதோ மக்கிப்போனது. இடுப்புப் பக்கத்தைச் சுருட்டி, மேலே அரைஞாண் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டேன். நின்றது.

“அதை நம்பாதடா. தேங்காக் கயிறு ஒண்ணு இருக்கு, அதையும் கட்டிக்க,” என்றாள் அம்மா.

“அதைக் கட்டினா மாடு மாதிரி இருக்கும்மா!”

பார்வதி பெண்கள் வரிசையில் நிற்பாளே என்ற கவலை எனக்கு. இருபத்திரண்டு வயது முட்டாளுக்கு சயாமைவிட அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

உள்ளே போட்டிருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி கிடைக்காத காலம். அம்மா பழைய கோதுமை மாவுச் சாக்கில் எனக்கு உள் கால்சட்டை தைத்திருந்தாள். மாவு வந்த ஊர்ப் பெயர் அந்தச் சாக்கில் நீலத்தில், பெரிய இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருந்தது. எத்தனை முறை வெளுத்தும் மை போகவில்லை. முன்பக்கம் வந்தால் அசிங்கம் என்று அம்மா அதைப் பின்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். ஊரின் பெயர் ஆஸ்திரேலியா. ஜப்பானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகளில் ஒன்று.

அன்று காலை திடல் நிரம்பியிருந்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர், செட்டி கம்பத்தார் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நான் மேடையில். தைசோவுக்கு முன்னால் தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துச் சக்கரவர்த்திக்கு வணக்கம் செலுத்த வேண்டும். இச்சி நி மேடைக்கு முன்னால், கீழே, அந்தத் திசையைப் பார்த்து நின்றார். நானும் அதே பக்கம் திரும்பினேன். அதாவது, அவர் முதுகு எனக்கு, என் முதுகு ஜனங்களுக்கு.

“சாய்கேய்ரே!” என்று கத்தினார். இடுப்பை மடித்து ஆழமாகக் குனிய வேண்டும். குனிந்தால் அசையக்கூடாது, தலையைத் தூக்கக்கூடாது. போன வருஷம் கொசு அடித்த ஒருவரைக் காதில் ரத்தம் வர அடித்தது எல்லாருக்கும் தெரியும்.

குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன். ஐந்தாவது முடிச்சா ஆறாவது முடிச்சா தெரியவில்லை, ‘டப்’ என்றது. பத்து மாத வியர்வையில் ஊறிய கயிறு அறுந்தது. அரைக்கால் சட்டை மரியாதையாகக் கணுக்கால் வரை இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது.

காற்று வந்து பட்டதும்தான் நிலைமை முழுசாகப் புரிந்தது. ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளில், காஜா பெராங் ஜனங்களுக்கு முன்னால், நான் என் பின்பக்கத்தில் ஆஸ்திரேலியாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தூக்கிக் கட்டினால் அசைந்த குற்றம். கட்டாவிட்டால் மானக்கேடு, அதோடு ராஜத்துரோகம். அசையாமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். செட்டி கம்பத்து மாரியம்மனை மலாயிலேயே கூப்பிட்டேன்.

அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். அதே பன்றி உறுமல்.

“நாவோரே!” நிமிரலாம். நிமிர்கிற வேகத்தில் கால்சட்டையை அள்ளி மேலே இழுத்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி ஜனங்கள் பக்கம் திரும்பினேன். இச்சி நி சிவந்த முகத்தோடு திரும்பினார்.

“சியாப்பா கெத்தாவா?” யார் சிரித்தது?

அவர் வரிசைக்கு வந்தார். முதலில் நின்றவர் நடராஜா மாமா. என்ன பார்த்தாய் என்று கேட்டார்.

“தா நம்பா, துவான். சாயா துண்டோ,” என்றார் மாமா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். ஒன்றும் பார்க்கவில்லை ஐயா, நான் குனிந்திருந்தேன்.

எனக்கு மேடையில் உயிர் வந்தது அந்த இடத்தில்தான். பார்த்தேன் என்று சொல்கிறவன் தலையைத் தூக்கியிருக்க வேண்டும். தலையைத் தூக்கியவன் சக்கரவர்த்தியை அவமதித்தவன்! அடுத்த ஆளைக் கேட்டார். அவரும் குனிந்திருந்தார். அடுத்தவரும் குனிந்திருந்தார். நான் தள்ளிவிட்ட சீனக் கடைக்காரரும் குனிந்துதான் இருந்தார். என்மேல் மனு போட்டவர் என்று நான் சந்தேகப்பட்ட ஆளும் அங்கே நின்றார். அவருக்கு வாய் துடித்தது, நானே பார்த்தேன். ஆனால் வேறு வழியில்லாமல், “சாயா துண்டோ, துவான்,” என்றார்.

இச்சி நி பார்வதி முன்னால் போய் நின்றார். அந்தச் சத்தம் என்ன என்று கேட்டார். என்னைவிட அவளுக்குத்தான் இப்போது ஆபத்து.

“செலெசெமா, துவான்,” என்றாள். சளியாம். சொன்னதோடு நிற்காமல் முந்தானையில் மூக்கைச் சிந்திக் காட்டினாள். இச்சி நி இரண்டடி பின்னால் போனார்.

அப்பாடா என்று மூச்சு விடப்போனேன். அதற்குள் அவர் மேடைப் பக்கம் திரும்பி, தைசோவைத் தொடங்கச் சொன்னார். முதல் அசைவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது! என் ஒரு கை இடுப்பில். கையை எடுத்தால் மறுபடி ஆஸ்திரேலியா. இந்த முறை யாரும் குனிந்திருக்கவில்லை.

நடராஜா மாமா மேடை ஏறினார். தன் பூப்போட்ட தலைக்கட்டை மெதுவாக அவிழ்த்தார். சாமிக்குப் பட்டு சாத்துகிற முகத்தோடு அதை என் இடுப்பில் சுற்றி, என் குடல் பிதுங்கும்படி ஒரு முடிச்சுப் போட்டார். இச்சி நியைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டு, பெரிய நாளில் முன்னால் நிற்கிறவனுக்கு இடுப்பில் துணி கட்டுவது எங்கள் வழக்கம், இது சக்கரவர்த்திக்குச் செய்யும் மரியாதை என்று சொன்னார். அப்படி ஒரு வழக்கம் அவர்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது.

இச்சி நி மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த முடிச்சைப் பார்த்தார்.

“யோரொஷி,” என்றார். சரி.

இச்சி, நி, சான், ஷி! அன்று நான் குதித்த குதி ஜப்பானிலேயே எவனும் குதித்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அறுந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பொணத்துக்குத்தான் அதை அறுப்பார்கள், இனி என்ன ஆகுமோ என்று. மாமா பின்னாலேயே வந்து, “அக்கா, பேரை அடிச்சாச்சு,” என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாமாவின் தலைக்கட்டிலிருந்து ஒரு ஓரத்தைக் கிழித்து முறுக்கி எனக்கு அரைஞாணாகக் கட்டிவிட்டாள். எங்கள் தெருவில் சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்தான் திரும்பி வந்தார். அடித்த என் பெயருக்குப் பதிலாக யார் பெயரை எழுதினீர்கள் என்று மாமாவிடம் கேட்க எனக்குக் கடைசி வரை தைரியம் வரவில்லை.

மறுவாரம் ஓர் உத்தரவு வந்தது. தைசோவுக்கு வரும் ஆண்கள் எல்லாரும் இடுப்பில் துணி கட்டி வர வேண்டுமாம். சண்டை முடியும் வரை ஊரே என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு கட்டியது.

சண்டை முடிந்த பிறகு பார்வதி வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். நடராஜா மாமாதான் முன்னால் நின்றார். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“மாப்பிள்ளைய நல்லா பாத்துக்கம்மா,” என்றார் அவள் அப்பா.

“பார்த்தாச்சுப்பா,” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்லப்பா, நான் குனிஞ்சுதான் இருந்தேன்.” மாமா வாயிலிருந்த காப்பி என் சட்டையில் தெறித்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தட்டு உடைந்தாலும் சரி, பலகாரம் குறைந்தாலும் சரி, பேரன் பேத்தி ஒருவருக்கும் கண் தெரியாது. எல்லாரும் குனிந்திருந்தவர்கள்தான். நான் இன்னும் கிளேபாங் வரை நடக்கிறேன். இடுப்பில் இரண்டு கயிறு.

போன மாதம், வெளிநாட்டில் குடியேறிவிட்ட மூத்தவன் எங்களுக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பினான். பார்வதி போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மகன் தொலைபேசியில் கெஞ்சினான்.

“ஒரு தடவை வந்துதான் பாருங்களேம்மா. ஆஸ்திரேலியா அவ்வளவு அழகா இருக்கும்!”

“நான் பார்த்தாச்சுடா,” என்றாள். அதோடு விட்டாளா? மூக்கிலிருந்து அந்தச் சத்தமும் வந்தது.